டீம் லீட் பொறுப்பை ஏற்கலாமா? கடைமடைக்காரன் ஒருவனின் பதில்

கேள்வி கேட்டவர் பாபநாசத்துக்காரர். மென்பொருள் துறையில் ஏழு வருட அனுபவம். கொரோனா காலத்தில் ஊருக்கு வந்தவர், இன்றுவரை வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறார். ஆறு பேர் கொண்ட அணிக்கு டீம் லீட் ஆகும்படி கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு மூன்று தயக்கங்கள். கோடு (கணினி நிரல்) எழுதும் கை விட்டுப் போய்விடுமோ என்பது முதலாவது. அணியில் ஒருவர் கல்லூரியில் இவருக்கு இரண்டு வருட சீனியர், அவரை எப்படி வேலை வாங்குவது என்பது அடுத்தது. லீட் ஆகிவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்ட வேண்டியிருக்குமா என்பது கடைசி.

ஏற்றுக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் இதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைத்திருந்தாலும், உண்மையில் நீங்கள் வேறு வேலைக்குப் போகிறீர்கள். பழைய வேலையில் கெட்டிக்காரராக இருந்தது புது வேலைக்குப் பாதிதான் உதவும். மீதிப் பாதியைப் புதிதாகக் கற்க வேண்டும். அதைக் கற்பதற்குள் நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒன்றிரண்டாவது மிச்சமாகட்டும்.

என் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர் தாண்டி. சுத்தக் கடைமடை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். உங்கள் பாபநாசத்துக்காரர்கள் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் மதகடியில் நின்று வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருப்போம். "தண்ணி வந்துடுச்சா?" என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை, "கடைசி வயலுக்குப் போச்சா?" என்றுதான் கேட்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் படிப்பை முடித்தது 2008இல். கேம்பஸில் வேலை கிடைத்தது, ஆனால் அந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததில் எங்களைச் சேர்த்துக்கொள்ளும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. பதினோரு மாதம் ஆஃபர் லெட்டரோடு அப்பாவுக்கு வயல் வேலையில் ஒத்தாசையாக இருந்தேன். 2009இல் சென்னை. டிரெய்னி, அப்புறம் சாஃப்ட்வேர் இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர் என்று வழக்கமான படிகள்தான். இந்தப் பெயர்களுக்கு ரொம்ப மதிப்புக் கொடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் டெக் லீட் இன்னொரு கம்பெனியில் சீனியர் இன்ஜினியர். கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். சீனியர் வரைக்கும் உங்கள் கையால் எத்தனை வேலை முடிந்தது என்று பார்ப்பார்கள். அதற்கு மேலே போனால் மற்றவர் கையால் எத்தனை முடிந்தது என்று பார்ப்பார்கள்.

2016இல் ஐந்து பேருக்கு என்னை லீட் ஆக்கினார்கள். நான் எப்படி இருந்தேன் தெரியுமா? பகலெல்லாம் மீட்டிங், ராத்திரியெல்லாம் கோடு. யார் எழுதியதும் எனக்குத் திருப்தியாக இருக்காது. அணியில் திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவர் எழுதிய மாட்யூலை ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்து, "இதை இப்படியா எழுதுவாங்க" என்று முனகிக்கொண்டே முழுதும் மாற்றி எழுதி, காலையில் அனுப்பிவிடுவேன். ரிலீஸ் சரியான நேரத்துக்குப் போனது. கிளையன்ட் பாராட்டினார். எனக்கு ஒரே பெருமை.

மூன்று மாதத்தில் அந்தப் பெண் அரைகுறையாக எழுதி அனுப்ப ஆரம்பித்தார். எப்படியும் நான் மாற்றத்தானே போகிறேன்? எட்டாவது மாதம் ராஜினாமா. கடைசி நாளில் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்து, கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: "நான் எழுதுனது ஏதாவது ஒண்ணாவது உள்ள இருக்கா சார்?" நான் அப்புறம் போய்த் தேடிப் பார்த்தேன். நாலைந்து வரி இருந்தது.

அன்றிலிருந்து, மற்றவர் எழுதிய கோடைப் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கோடு சரியாக ஓடுகிறது, டெஸ்ட் இருக்கிறது, அடுத்தவர் படித்தால் புரிகிறது என்றால், அது நான் எழுதும் மாதிரி இல்லாவிட்டாலும் விட்டுவிடுவேன். தப்பு இருந்தால் திருத்த மாட்டேன், கேட்பேன். "இந்த இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பணம் கட்டினால் என்ன ஆகும்?" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருப்பேன். நானே திருத்தினால் பத்து நிமிட வேலை, காத்திருந்தால் ஒரு நாள். முதல் ஆறு மாதம் இந்த ஒரு நாள் வயிற்றைக் கலக்கும். ரிலீஸ் நெருக்கத்தில் சமயத்தில் இந்தக் கட்டுப்பாட்டை மீறியும் இருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

உங்கள் முதல் தயக்கத்துக்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. கோடு எழுதுவதை விடாதீர்கள், ஆனால் எந்த வேலையை எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நீங்கள் ஒரு நாள் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் மொத்த அணியும் நின்றுவிடும் என்கிற வேலையை எடுக்கக் கூடாது. யாரும் தொட விரும்பாத பழைய பக் (பிழை), டெஸ்ட் ஓடும் நேரத்தைக் குறைப்பது, முடிந்த கோடை சர்வரில் ஏற்றும் டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டைச் சரிசெய்வது, இவையெல்லாம் லீடுக்கு ஏற்றவை. எனக்கு முதல் வருடத்தில் வாரத்தில் ஒன்றரை நாள்தான் தேறியது, அதுவே தாராளம். இப்போது கோடு எழுதிக் கொடுக்கும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. எழுதுவது வேகமாகிவிட்டது, படித்துச் சரிபார்ப்பது வேகமாகவில்லை. அதனால் லீட் என்பவருக்குப் படிக்கும் வேலைதான் கூடிக்கொண்டே போகிறது. படிக்கும் பழக்கத்தை விட்டவர்தான் உண்மையில் கை விட்டுப் போனவர்.

நடவு நாளில் ஆள் கூட்டி வரும் அம்மாவை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த அம்மாவும் வரிசையில் இறங்கி நடத்தான் செய்யும். ஆனால் மற்றவர்கள் அளவுக்கு நடாது. நாற்றுமுடி யாருக்குத் தீரப் போகிறது, யார் பின்தங்குகிறார், அடுத்து எந்த வயலில் தண்ணீர் வடிந்திருக்கிறது என்று கண் சுற்றிக்கொண்டே இருக்கும். புதுப் பெண்ணை வேகமான இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தும். ஆனால் நடத் தெரியாத ஒருவர் வந்து கரையில் நின்று இதையே செய்திருந்தால் ஒரு நாள் கூட எங்கள் ஊர்ப் பெண்கள் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

கூகுள் கதை ஒன்று உண்டு. 2002இல் அங்கே பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். சில மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செலவுக் கணக்கில் கையெழுத்து வேண்டும் என்பதற்கும், பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை என்பதற்கும் எல்லாரும் நிறுவனர் லாரி பேஜிடமே போய் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு சில வருடம் கழித்து, நல்ல மேலாளர் என்பவர் எப்படி இருக்கிறார் என்று தங்கள் ஊழியர்களின் மதிப்பீடுகளையே வைத்து ஆராய்ந்தார்கள். கிடைத்த எட்டுக் குணங்களில் நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலில் வந்தது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடம். இதைக் கேட்டுவிட்டு "அப்போ டெக்னிக்கல் தேவையில்லை" என்று சொல்லித் திரிகிற மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டுக்குள் வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சரி, கஜா புயல் கதைக்கு வருகிறேன். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே அதுதான்.

2018 நவம்பர். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வாரம் லீவில் ஊரில் இருந்தேன். புயல் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. எத்தனை புயலைப் பார்த்திருக்கிறோம் என்று இருந்துவிட்டோம். 16ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யத்துப் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் கொல்லையில் ஒரு தென்னை நிற்கவில்லை. மின்கம்பங்கள் பாதியில் முறிந்து ரோட்டில் கிடந்தன. செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. கரண்டு வர மூன்று வாரத்துக்கு மேலானது. அந்த நாட்களில் ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

ஐந்தாவது நாள் மோட்டார் சைக்கிளில், விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி மன்னார்குடி போனேன். பெரிய கோயில் பக்கத்தில் சிக்னல் கிடைத்தது. போன் பத்து நிமிடத்துக்கு நிற்காமல் அதிர்ந்தது. நான் ஊருக்கு வந்த அந்த வாரக் கடைசியில்தான் எங்கள் சர்வரின் எஸ்எஸ்எல் சர்டிபிகேட், அதாவது இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் சான்று, காலாவதி ஆகியிருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் எல்லாம் என் பெயருக்கே வந்துகொண்டிருந்தன. எப்படிப் புதுப்பிப்பது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டு என் லேப்டாப்பில். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து பதினோரு மணி நேரம் கிளையன்டின் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் இருந்திருக்கிறார்கள். என் அணியில் ஐந்து பேரும் ராத்திரி முழுக்க விழித்திருந்து, வேறு வேறு ஆட்களைப் பிடித்து, அனுமதி வாங்கி, புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

என் மேலதிகாரிக்குக் கூப்பிட்டேன். முதலில் அம்மாவைப் பற்றி விசாரித்தார், வீட்டுக் கூரை இருக்கிறதா என்று கேட்டார். நான் சர்டிபிகேட் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அவர் நிறுத்தினார். "அஞ்சு நாள் நீங்க இல்லேன்னா டீம் நிக்குது. நீங்க லீடா, இல்ல பூட்டா?" என்றார். திட்டவில்லை. அப்ரைசலிலும் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் அது மறதி இல்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. "அண்ணா இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று சொன்னால் உள்ளுக்குள் இனிக்கும். மேலே மதகைக் கட்டி வைத்துக்கொண்டு, என் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதுவும் கடைமடைக்காரன்.

திரும்பிப் போனதும், எனக்கு மட்டும் தெரிந்தவை என்று ஒரு நோட்டில் எழுதினேன். இருபத்து மூன்று விஷயம் வந்தது. ஒவ்வொன்றையும் இன்னொருவர் செய்ய, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தவரே அதைப் படிப்படியாக எழுதி வைக்க வேண்டும், அடுத்த முறை மூன்றாவது ஆள் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். ஆறு மாதம் பிடித்தது. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் லீவு போட்டு போனை அணைத்துவிடுவேன். முதல் தடவை இரண்டு வேலை நின்றது. மூன்றாவது தடவை ஒன்றும் நிற்கவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது தயக்கம், உங்கள் சீனியர். இது இங்கிலீஷில் வராத சிக்கல். இங்கிலீஷில் எல்லாரும் "யூ". தமிழில் வாயைத் திறக்கும்போதே யார் பெரியவர் என்று முடிவாகிவிடுகிறது. நீங்கள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் அதை மாற்றாதீர்கள். நேற்றுவரை அண்ணன், இன்றிலிருந்து பெயர் சொல்லி என்றால் அங்கேயே முறிந்துவிடும். அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் அணிக்கு முதலில் போகக் கூடாது. வடிவமைப்பு சம்பந்தப்பட்ட முடிவுகளில் அவரைத் தனியாகக் கேளுங்கள், உண்மையாகவே கேளுங்கள். அதோடு வேலை தாமதமானால், எல்லார் முன்னாலும் இல்லாமல் தனியே, அண்ணன் என்றே கூப்பிட்டு, தாமதம் தாமதம்தான் என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டால் மற்ற ஐந்து பேரும் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னொன்று உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள். பாதிப் பேர் தமிழ் மீடியம். மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டார்கள், அதைப் பார்த்து விஷயம் தெரியாதவர் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். தினசரி நடக்கும் குறு மீட்டிங்கான ஸ்டாண்ட்-அப்பில் வயதில் சிறியவரை முதலில் பேச விடுங்கள், நீங்கள் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அப்புறம் அது மீட்டிங் இல்லை, ஆமாம் சாமிதான். முக்கியமான விஷயத்தை முதல் நாளே எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். பேசாத பிள்ளை எழுதும்போது அசத்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"முடிச்சிடலாம்" என்ற சொல்லையும் மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம் சார்" என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பொருள். "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்றால் கஷ்டமான பாதி பாக்கி. "பாத்துக்கலாம்" என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் பொய் சொல்லவில்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "என்ன மிச்சம் இருக்கு, காட்டுங்க" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். அதில் டிக்கெட் (ஒதுக்கிய வேலை) பற்றிப் பேசாதீர்கள். தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக் கடன், இரவு ஷிப்டில் தலைவலி, இதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். எஸ்டிமேட் ஏன் தப்பியது என்பதற்குப் பாதிக் காரணம் அங்கே கிடக்கும்.

அதே "முடிச்சிடலாம்" உங்கள் வாயிலிருந்து மேலே போகக் கூடாது. தேதி தப்பப் போகிறது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். உடனே மேலே இருப்பவர்கள் "இன்னும் மூணு பேர் தர்றோம்" என்பார்கள். யோசித்து வாங்குங்கள். ஐபிஎம்மில் சிஸ்டம் 360 கணினிகளுக்கு இயக்க மென்பொருள் செய்யும் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களோடு சேர்த்து ஏழு பேர் என்றால் ஒருவரோடொருவர் பேச 21 இணைப்பு. பத்துப் பேர் ஆனால் 45. வந்தவர்களுக்குச் சொல்லித் தருவது யார்? வேலை நன்றாகத் தெரிந்த ஒன்றிரண்டு பேர்தான், அவர்கள் வேலைதான் முதலில் நிற்கும்.

ஊர் மாற வேண்டுமா என்பதை உங்கள் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். நான் சேர்ந்த காலத்தில் தரமணியும் பழைய மகாபலிபுரம் சாலையும் தவிர வேறு போக்கு கிடையாது. இப்போது அப்படி இல்லை. தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். அணியில் ஆறு பேரும் ஆறு ஊரில் இருந்தால் நீங்கள் பாபநாசத்தில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆறில் ஐந்து பேர் பெங்களூரில் ஒரே தளத்தில் உட்கார்ந்திருந்தால்தான் சிரமம். அவர்கள் டீக்குப் போகும் வழியில் எடுக்கும் முடிவு உங்களுக்கு மறுநாள்தான் தெரியும், கடைமடை நீங்களாகிவிடுவீர்கள். அப்படி இருந்தால் முடிவு எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று முதல் வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு நாளாவது நேரில் போய் வாருங்கள். வீட்டில் யுபிஎஸ்ஸும் இரண்டாவது இன்டர்நெட் இணைப்பும் போட்டுவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் உதவும்.

லீட் வேலை பிடிக்காமல் போனால்? பல கம்பெனிகளில் ஆட்களை நிர்வகிக்காமலே மேலே போக ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல், ஆர்க்கிடெக்ட் என்று தனிப் பாதை இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அது பேருக்கு இருக்கிறதா, அதில் உண்மையாகவே ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வருடம் லீடாக இருந்துவிட்டுத் திரும்பப் போனவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர், மூவரும் முன்பைவிட நல்ல இன்ஜினியர்களாக இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன்பே மேலதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்: ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்றால் பழைய இடம் உண்டா? அப்ரைசலில் என் வார்த்தை செல்லுமா, இல்லை மதிப்பெண் மேலேயே முடிவாகி வந்து நான் அதைச் சொல்லும் தபால்காரனா? யாரை எடுப்பது என்பதில் எனக்கு இடம் உண்டா? சம்பளம் எப்போது மாறும்? கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பொறுப்பு இன்றைக்கு, சம்பளம் அடுத்த ஏப்ரலுக்கு என்பது இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக நடக்கும் வியாபாரம்.

அப்புறம், அறிவிப்பு மெயில் வருவதற்கு முன்னால் உங்கள் சீனியர் அண்ணனை நீங்களே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் கும்பகோணம் பக்கம்தான் என்றால் நேரிலேயே போங்கள். மெயிலில் பார்த்து அவர் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.